கைப்பேசியை ஆசிரியர் எடுத்து வைக்கலாம். எடுத்த பிறகு பொறுப்பு யாருடையது?

கோலாலம்பூரின் செந்தூலில் வசிக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் என் சொற்களில் திரும்பச் சொல்கிறேன். இரண்டாம் படிவத்தில் படிக்கும் அவருடைய மகன் புத்தகப் பையில் கைப்பேசியுடன் பள்ளிக்குச் சென்றிருக்கிறான். பாட நேரத்தில் அது ஒலித்ததால் ஆசிரியர் வாங்கிக்கொண்டு, ஆண்டு இறுதியில்தான் திருப்பித் தரப்படும் என்று சொல்லியிருக்கிறார். மூன்று வாரம் கழித்துத் தாயார் நேரில் போய்க் கேட்டபோது, அந்த ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிவிட்டார், பொருள் எந்த அலமாரியில் இருக்கிறதென்று தெரியவில்லை என்று அலுவலகத்தில் பதில் வந்திருக்கிறது. இது திருட்டு ஆகாதா, போலீஸில் புகார் செய்யலாமா என்பது அவருடைய கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது: பிள்ளையின் பொருளை எடுக்க ஆசிரியருக்கு அதிகாரம் உண்டா என்பது ஒன்று, எடுத்தபின் அந்தப் பொருளுக்கு யார் பொறுப்பு என்பது மற்றொன்று. சகோதரியின் கோபம் முதல் கேள்வியின்மேல் இருக்கிறது. அவருடைய பலமோ இரண்டாவதில் இருக்கிறது.

நான் செபராங் பிறையில் 31 ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கடைசி ஒன்பது ஆண்டுகள் ஓர் இடைநிலைப்பள்ளியில் மாணவர் விவகாரத் துணைத் தலைமையாசிரியராக இருந்தேன். பறிமுதலாகும் பொருள்களெல்லாம் என் அறைக்குத்தான் வந்து சேரும். நான் வழக்கறிஞன் அல்லன். பணிக்காகச் சட்டத்தைப் படிக்க வேண்டியிருந்தது, படித்தேன். நீதிமன்றம் வரை போகக்கூடிய இடம் எது என்று வரும்போது அதைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் கேள்விக்கு உறுதியான பதில் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகள் மாணவர் ஒழுங்கின் பொறுப்பைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைக்கின்றன; கட்டொழுங்கு ஆசிரியரும் வகுப்பாசிரியரும் அவர் சார்பில் செயல்படுகிறவர்கள். கைப்பேசியைப் பொறுத்தவரை, மாணவர்கள் அதைப் பள்ளிக்குக் கொண்டுவருவதையும் பயன்படுத்துவதையும் தடைசெய்து கல்வி அமைச்சு 2009-இல் சுற்றறிக்கை வெளியிட்டது. இவற்றோடு, பள்ளி நேரத்தில் ஆசிரியர் பெற்றோரின் இடத்தில் நிற்கிறார் என்ற பழைய பொதுச்சட்டக் கொள்கையும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் மகன் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி மேசைமேல் வைக்கும் தாய்க்கு எந்த அனுமதிக் கடிதமும் தேவையில்லை. பாட நேரத்தில் ஒலித்த கைப்பேசியை வாங்கி வைக்க ஆசிரியருக்கும் அதே அளவு அதிகாரம் உண்டு. ஆகவே, "எடுத்ததே தவறு" என்ற வாதத்தோடு தலைமையாசிரியர் அறைக்குள் போகாதீர்கள். அந்த வாதம் ஐந்து நிமிடம்கூட நிற்காது. அது விழுந்தவுடன் நீங்கள் சொல்ல வேண்டிய உண்மையான குறையும் சேர்ந்து விழுந்துவிடும்.

திருட்டு என்ற சொல்லையும் தவிர்க்கச் சொல்வேன். நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 378-ஆவது பிரிவின்படி, நேர்மையற்ற எண்ணத்தோடு பிறர் வசமுள்ள பொருளை எடுத்தால்தான் அது திருட்டு. ஒருவருக்கு முறையற்ற ஆதாயமோ, மற்றொருவருக்கு முறையற்ற இழப்போ உண்டாக்கும் எண்ணத்தையே சட்டம் நேர்மையின்மை என்கிறது. வகுப்பறையில், 35 மாணவர்கள் பார்த்திருக்க, பள்ளி விதியைச் சொல்லி எடுத்தவரிடம் அந்த எண்ணம் இருந்தது என்று யாரும் நிறுவ முடியாது. எடுத்தபின் அதைத் தன் சொந்தப் பயனுக்கு வைத்துக்கொண்டாலோ விற்றாலோ நிலைமை வேறு. பொருளைக் கையாடுவதற்கும் நம்பிக்கை மோசடிக்கும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் விவகாரத்தில் அப்படி நடந்ததற்கு அறிகுறி எதையும் நீங்கள் சொல்லவில்லை. காணாமல் போனது என்பது உறுதியான பிறகு போலீஸில் ரிப்போர்ட் செய்வதை நான் தடுக்கமாட்டேன், அது உங்கள் உரிமை. ஆனால் அதை முதல் படியாக வைத்தால் பள்ளியில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். தேடுகிற கைகளும் நின்றுவிடும்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பிறருடைய பொருள் என்று தெரிந்தே அதைத் தன் காவலில் ஏற்றுக்கொண்டவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பாதுகாக்கும் அளவுக்கு அதைப் பாதுகாக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 104-ஆவது பிரிவில் இந்த அளவுகோலை வைத்திருக்கிறது. பறிமுதல் ஒப்பந்தமாகாது என்று ஒருவர் வாதாடலாம். ஒப்பந்தம் இல்லாமலும் இந்தக் கடமை பிறக்கும் என்பது பொதுச்சட்டத்தில் ஏற்கப்பட்ட கொள்கை. நம் நாட்டிலிருந்தே போன ஒரு வழக்கு இதற்குப் பெரிய துணை. இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் பழைய சுவெட்டன்ஹாம் துறைமுகத்தின் கிடங்கில் வைக்கப்பட்டிருந்த மருந்துப் பெட்டிகளில் பல காணாமல் போயின. அக்காலத்தில் நம் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற அந்த வழக்கில் 1978-இல் தீர்ப்பு வந்தது: பொருள் தொலைந்தால், தன் கவனக்குறைவால் தொலையவில்லை என்று காட்ட வேண்டிய சுமை காவலில் வைத்திருந்தவருடையது, கூலி வாங்கிக் காத்தாலும் வாங்காமல் காத்தாலும் அப்படித்தான். எப்படித் தொலைந்தது என்று பொருளின் சொந்தக்காரர் கண்டுபிடித்துச் சொல்லத் தேவையில்லை. பள்ளிப் பறிமுதலுக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியது. பொருந்தும் என்று எண்ணியே ஒன்பது ஆண்டுகளும் என் அலமாரியை நான் பூட்டினேன்.

அப்படிப் பூட்டுவதற்கு முன்பு ஒரு காலம் இருந்தது. நான் இளம் ஆசிரியராக இருந்தபோது, முதலாம் படிவப் பையன் ஒருவன் தேர்வறையில் அலாரம் அடிக்கும் கைக்கடிகாரம் கட்டி வந்தான். கழற்றச் சொல்லி வாங்கி, ஆசிரியர் அறையில் என் மேசை இழுப்பறையில் போட்டேன். பூட்டில்லாத இழுப்பறை. பள்ளி விடுமுறை வந்தது. திரும்பி வந்து திறந்தபோது கடிகாரம் இல்லை. விலை விசாரித்து, என் சம்பளத்திலிருந்து எடுத்து அவன் தாயாரிடம் கொடுத்தேன். அவர் பணத்தை மேசைமேலேயே வைத்துவிட்டு, அது இறந்துபோன தந்தையின் கடிகாரம் என்றார். பெரியவர் கையளவுக்குச் செய்த தோல் வார் அது. பையனின் மெல்லிய மணிக்கட்டுக்குப் பொருந்த வேண்டுமென்று, ஆணியால் குத்திய இரண்டு துளைகள் அதில் கூடுதலாக இருந்ததை நான் வாங்கும்போதே பார்த்திருந்தேன். பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பையன் நான்காம் படிவம் வரை என் வகுப்பில் என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை. எடுத்தது விதிப்படி சரி. எடுத்த பொருளை நான் பார்த்துக்கொண்ட விதம் முழுத் தவறு. இரண்டும் ஒரே நிகழ்வில் இருக்க முடியும் என்று அன்று கற்றேன். ஆதலால் உங்கள் கோபத்தை என்னால் வெளியாள் போலப் பார்க்க முடியவில்லை.

பிற்காலத்தில் பொறுப்பு என் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, நீளமான கோடிட்ட பதிவேடு ஒன்றும் ஒரு கட்டுப் பழுப்பு உறைகளும் வாங்கியதுதான். எந்த ஆசிரியர் எதை எடுத்தாலும் அன்றைய கடைசி மணிக்குள் என் அறைக்கு வந்துவிட வேண்டும். பொருளின் நிறம், வகை, ஏற்கெனவே உள்ள கீறல் அல்லது உடைசல், எடுத்த நேரம், எடுத்தவர் பெயர், காரணம், திருப்பித் தரும் நாள் ஆகியவற்றை மாணவன் முன்னிலையிலேயே எழுதி, அவனைப் படிக்கச் சொல்லி, கையெழுத்து வாங்குவோம். கைப்பேசியானால் அவனே அணைத்துவிட்டுத் தருவான். சிம் அட்டையை அவன் கையிலேயே கொடுத்துவிடுவேன், ஏனெனில் பல வீடுகளில் பிள்ளையின் பெயரில் ஓடும் எண்ணுக்குத்தான் தாயின் வங்கி ஒப்புதல் எண் வரும். ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும் பதிவேடு போகாது. உங்கள் மகனின் பள்ளியில் இல்லாமல் போனது இந்த ஒரு புத்தகம்தான். அதன் விலை ஐந்தாறு ரிங்கிட்டைத் தாண்டாது.

ஆண்டு இறுதி வரை வைத்திருப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இது சட்டமல்ல, பொருளின் இயல்பு. கைப்பேசிக்குள் இருக்கும் லித்தியம் மின்கலம் முழுவதும் வடிந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் கெட்டுப்போகும். சில வீங்கித் திரையையே பெயர்த்துவிடும். பினாங்குப் புழுக்கத்தில் இரும்பு அலமாரிக்குள் எட்டு மாதம் கிடந்த கைப்பேசிகளை நான் திறந்து பார்த்திருக்கிறேன். அவற்றில் பாதி மறுபடி உயிர் பெறவில்லை. இப்படித் திருப்பிக் கொடுப்பதைத் திருப்பிக் கொடுத்ததாகவே நான் எண்ணமாட்டேன். என் பள்ளியில் முதல் முறைக்கு ஒரு வாரம், பெற்றோர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று வைத்தோம். பெற்றோரை வரவழைத்ததே போதுமான கண்டிப்பாக இருந்தது.

உறுதியில்லாத இடம் இங்கே தொடங்குகிறது. நீண்ட காலம் வைத்திருப்பதற்கோ, திருப்பித் தராமலே விடுவதற்கோ பள்ளிக்கு அதிகாரம் உண்டா? கூட்டரசு அரசியலமைப்பின் 13-ஆவது விதி, சட்டத்தின்படி அல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்கிறது. சுற்றறிக்கையோ பள்ளியின் விதிமுறைக் கையேடோ ஒருவருடைய உடைமையுரிமையையே அழிக்கும் அளவுக்குச் "சட்டம்" ஆகுமா என்பதில் வழக்கறிஞர்கள் இரு பக்கமும் வாதாடலாம். ஆகாது என்பது என் கருத்து. தற்காலிகமாக வைத்திருப்பது ஒழுங்கு நடவடிக்கை, என்றென்றைக்கும் வைத்துக்கொள்வது தண்டனைக்கும் மேலான ஒன்று. ஆனால் நீதிமன்றங்கள் பள்ளி விதிகளை எளிதில் ஒதுக்கித் தள்ளுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நெகிரி செம்பிலானில், செர்பான் எனப்படும் தலைப்பாகையைக் கழற்ற மறுத்த மூன்று மாணவர்கள் 1997-இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். உயர்நீதிமன்றத்தில் அவர்கள் வென்றார்கள். ஆனால் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று, 2006-இல் பள்ளியின் விதியே செல்லும் என்று முடிந்தது. மத உரிமையை முன்வைத்த வழக்கிலேயே அப்படியென்றால், கைப்பேசி வழக்கில் நீதிபதியின் அனுதாபத்தை மட்டும் நம்பிப் போக முடியாது.

அந்தத் தீர்ப்பு நம் பிள்ளைகளையும் தொடுகிறது. தைப்பூச விரதத்தில் கழுத்தில் உருத்திராட்சம், கோவிலில் கட்டிய கயிறு, பாட்டி போட்ட தாயத்து என்று பிள்ளைகள் வருவார்கள். நம் வழக்கம் தெரியாத ஆசிரியருக்கு இவையெல்லாம் அலங்காரமாகத் தெரியும். ஒருமுறை தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்க விரதமிருந்த பையனின் மாலையைப் புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் கழற்ற வைத்துவிட்டார். அவர் கெட்டவர் அல்லர். விளக்கியதும் அவரே மாலையை எடுத்துவந்து, எப்படித் தொட வேண்டும் என்று கேட்டு, இரண்டு கையாலும் கொடுத்தார். வழக்குப் போட்டு வெல்வது கடினமான இடத்தில், முன்கூட்டியே வகுப்பாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுப்பது எளிது. தங்கத் தோடு, சங்கிலி போன்றவற்றை மட்டும் தயவுசெய்து வீட்டிலேயே வையுங்கள். தங்கத்தைப் பொறுப்பேற்று வைக்க எந்தப் பள்ளியிலும் தகுந்த இடம் இல்லை.

எடுப்பதும் திறந்து பார்ப்பதும் வெவ்வேறு செயல்கள். கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கேட்பதையோ, படங்களையும் செய்திகளையும் புரட்டுவதையோ என் ஆசிரியர்கள் எவரையும் நான் அனுமதித்ததில்லை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. ஆகவே அரசுப் பள்ளிக்கு எதிராக அந்தச் சட்டத்தைக் காட்டிப் பேசுவதில் பயனில்லை. சட்டம் கைகொடுக்காத இடத்தில் ஆசிரியரின் மனச்சாட்சிதான் எல்லை. பதினான்கு வயதுப் பெண்பிள்ளையின் கைப்பேசிக்குள் என்ன இருக்கும் என்று எண்ணிப் பார்க்கும் எவரும் அதைப் பிரிக்கமாட்டார். மிரட்டலோ ஆபாசப் படமோ இருப்பதாக உண்மையான சந்தேகம் இருந்தால் கைப்பேசியை அணைத்து, உறையில் ஒட்டி, பெற்றோரை அழைத்து, காவல் துறையிடம் கொடுக்க வேண்டும். பைச் சோதனையிலும் பிள்ளையே தன் பையைத் திறந்து காட்ட வேண்டும். ஆசிரியர் இருவர் இருக்க வேண்டும். பெண்பிள்ளையைப் பெண் ஆசிரியரே பார்க்க வேண்டும்.

கத்தி, போதைப்பொருள் போன்றவை வேறு கணக்கு. அவற்றைத் திருப்பித் தரும் பேச்சே இல்லை, தலைமையாசிரியர் காவல் துறையை அழைக்க வேண்டும். தீபாவளிக்கு முன் பையில் வரும் வெடிகளும், இப்போது பென்சில் பெட்டிக்குள் வரும் வேப் கருவிகளும் பெற்றோரிடம்கூடச் சாதாரணமாகத் திரும்பிப் போகக்கூடாதவை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் புகைப் பொருள்களை விற்பதைத் தடுக்கும் 852-ஆம் சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

இன்னும் இரண்டு பழக்கங்களைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். சபைகூடலில் மாணவர் முன்னிலையில் கைப்பேசியைச் சுத்தியலால் உடைத்ததை நான் ஒரு பள்ளியில் கண்ணால் பார்த்தேன். பிறர் பொருளை வேண்டுமென்றே சேதப்படுத்துவதைக் குற்றவியல் சட்டத்தின் 425-ஆவது பிரிவு குற்றமாகவே விவரிக்கிறது. நல்லெண்ணத்தில் செய்தோம் என்பது எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பது ஐயத்துக்குரியது. சட்டத்தை விடுங்கள். அன்று முன்வரிசையில் நின்ற ஒரு பிள்ளையின் தாய் அதை மாதத் தவணையில் வாங்கியிருந்தார். இன்னும் நான்கு தவணை பாக்கி இருந்தது. மற்றொன்று, பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தருவது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் என்றாலும், ரசீது இல்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். எந்த விதியின்கீழ் வாங்குகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

பள்ளிகளின் பக்கம் மட்டும் பேசிவிட்டேன் என்று தோன்றாமலிருக்க இதையும் சேர்க்கிறேன்: பிள்ளையிடம் கைப்பேசி கொடுத்தனுப்பும் பெற்றோர் எல்லோரும் கவலையற்றவர்கள் அல்லர். பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகும் தாய், பேருந்து வராத மாலையில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று அறிய வேறு வழியில்லாமல்தான் கொடுக்கிறார். அப்படிப்பட்டவர்களுக்கு, காலையில் அலுவலகத்தில் ஒப்படைத்து மாலையில் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கேட்கலாம் என்று நானே சொல்லியிருக்கிறேன். எல்லாத் தலைமையாசிரியரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். எழுதிக் கேட்ட தாயிடம் அடுத்தமுறை பேசும் தொனி மாறிவிடும் என்பது மட்டும் என் அனுபவம்.

உங்கள் விவகாரத்தில் இந்த வாரமே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். மகன் கைப்பேசி கொண்டுவந்தது தவறு என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு எடுத்த நாள், பாடவேளை, கைப்பேசியின் வகை, பெட்டியில் அச்சிட்டிருக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் (அந்தக் கைப்பேசிக்கே உரிய அடையாள எண்) ஆகியவற்றை எழுதி, அது இப்போது யார் காவலில் இருக்கிறது, எந்த நாளில் திருப்பித் தரப்படும் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். மாற்றலாகிப்போன ஆசிரியரை அழைத்துக் கேட்பது பள்ளியின் வேலை. அவர் வீட்டைத் தேடி நீங்கள் போகாதீர்கள். கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து வேலை நாளில் பதில் இல்லையென்றால், அந்த நகலை இணைத்து உங்கள் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும், அமைச்சின் சிஸ்பா புகார் தளத்துக்கும் அனுப்புங்கள். எல்லாம் போய் வழக்கு என்ற நிலை வந்தால், பொது அதிகாரிகளுக்கு எதிரான வழக்கை 36 மாதத்துக்குள் தொடுக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் சொல்வதை வழக்கறிஞர் உங்களுக்கு நினைவூட்டுவார். ஒரு கைப்பேசிக்காக அந்த இடம் வரை போவது பெரும்பாலும் தேவைப்படாது. முத்திரையிட்ட நகல் ஒன்று மேசைக்கு வந்தவுடன் அலமாரிகள் திறக்கப்படுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கடிதம் கொடுக்கப் போகும்போது மகனையும் அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசி கிடைத்தால், வாங்கிக்கொள்வதற்கு முன் அதை அங்கேயே இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பெற்றுக்கொண்டதற்கு அவனும் உங்களோடு கையெழுத்திடட்டும்.